பெரியம்மா பார்த்த பேய் நாடகம்

எங்கள் பெரியம்மா படம் பார்க்கிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு பார்க்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. திரையில் இருப்பவர்களுக்குக் காது கேட்கும் என்பதில் அவளுக்குக் கடைசிவரை சந்தேகமே வந்ததில்லை. ஒரு படத்தில் தம்பிக்காரன் அண்ணனைச் சந்தேகப்பட்டு வீட்டை விட்டுத் துரத்துவான். உண்மையை விளக்கும் கடிதம் அவன் சட்டைப் பையிலேயே இருக்கும். பெரியம்மா சீட்டை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். "அட கூறுகெட்டவனே, பையில கைய உட்டுப் பாருடா!" பின்னாலிருந்து நாலைந்து பேர் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். அவள் திரும்பி, "உங்களுக்கெல்லாம் வயிறு எரியலீங்ளா?" என்று அவர்களையும் ஒரு பிடி பிடித்தாள்.

படம் முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகும் சண்டை ஓயாது. கதாநாயகி அந்த நேரத்தில் ஏன் மயங்கி விழுந்தாள், இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு உண்மையைச் சொல்லிப்போட்டு விழுந்திருக்கக் கூடாதா என்று பீளமேடு வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே வருவாள். பிற்பாடு நான் எத்தனையோ பேர் எழுதிய சினிமா விமர்சனங்களைப் படித்துவிட்டேன். பெரியம்மா அளவுக்கு ஒரு படத்தை முழுசாகப் பார்த்தவர்கள் அவர்களில் ஒருவரும் இல்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் நின்று சொல்வேன்.

நாங்கள் இருந்தது ஒரு பழைய மில்லுக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில். எங்கள் வீடும் பெரியம்மா வீடும் ஒரே சுவர். பெரியப்பா மில்லில் ஃபிட்டர். அவர்களுக்கு ஒரே மகள். எனக்கு அக்கா. படம் பார்ப்பதில் தாய்க்குத் தப்பாத பிள்ளை. இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தால் வசனம் ஒன்றும் காதில் விழாது. ஆனாலும் நான் அடம்பிடித்து அவர்கள் நடுவில்தான் உட்காருவேன். வில்லனை இடது காதிலும் வலது காதிலும் ஒரே நேரத்தில் திட்டக் கேட்பது தனி சுகம்.

பெரியம்மாவிடம் இன்னொரு பழக்கம். லைனில் இருந்த பிள்ளைகளையெல்லாம் அம்மணி, சாமி என்றுதான் கூப்பிடுவாள். என்னையும் அப்படித்தான். 'கண்ணு' என்பது அக்காவுக்கு மட்டும். எங்கள் பக்கம் கோழிக்குஞ்சைக்கூடக் கண்ணு என்று கூப்பிடுவார்கள். பெரியம்மா மட்டும் அந்தச் சொல்லை யாருக்கும் தராமல் வைத்திருந்தாள். எனக்கு அதில் பொறாமை உண்டு.

அந்த அக்கா, மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஒருவரோடு ஒரு நாள் வீட்டை விட்டுப் போய்விட்டாள். அவர் வேறு ஆட்கள், வேறு சாதி. பெரியப்பா பொதுக் குழாயடிக்கு வந்து, லைனே பார்க்க, தலையில் குடம் குடமாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். "முழுகியாச்சு. இனி அவ பேச்ச இந்த ஊட்டுல ஆரும் எடுக்கப்படாது." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அக்காவின் பெயரை நான் அந்த வீட்டில் கேட்டதில்லை.

அவர்கள் அன்னூரில் குடியிருப்பதாகக் கொஞ்ச நாளில் சேதி வந்தது. அன்னூர் ஒன்றும் டெல்லி இல்லை. காந்திபுரம் போய் ஏறினால் போய்விடலாம். ஆனால் யார் போவது? பெரியப்பா வேலைக்குப் போன பிறகு பெரியம்மா சுவருக்கு இந்தப் பக்கம் வந்து, அன்று நான் காந்திபுரம் போனேனா என்று கேட்பாள். போனேன் என்றால், "அன்னூரு பஸ்ஸுல தெரிஞ்ச மொகம் ஏதாச்சும் இருந்துச்சா அம்மணி?" என்பாள். இல்லை என்பேன். "செரி, செரி" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். மகளை ஒரு தடவை பார்க்க வேண்டும். அந்த ஒன்றைத் தவிர அவளுக்கு அப்போது வேறு ஆசையே இல்லை. அதைச் சொல்லி அழக்கூட வீட்டில் இடம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் டிவியில் அந்தப் பேய் நாடகம் ஆரம்பித்தது.

வியாழக்கிழமைதோறும், விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் வரும். சொல்லப்போனால் அது அப்படியொன்றும் நல்ல நாடகம் இல்லை. மூடுபனி என்று காட்டியது சாம்பிராணிப் புகைதான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாய் ஊளையிடுவது எல்லா வாரமும் ஒரே ஊளை. ஆனால் நாங்கள் அந்த நாடகத்துக்காக உயிரை விட்டோம். வெள்ளிக்கிழமை காலையில் காலேஜ் பஸ்ஸில் முதல் பேச்சே அதுதான். நேற்று அந்தக் கொலுசுச் சத்தம் படியில் ஏறும்போது நீ கண்ணை மூடினாயா, நான் மூடவில்லை என்று ஆளாளுக்குப் புளுகுவோம்.

கதை இதுதான். ஒரு பெரிய பங்களா. அந்த வீட்டுப் பெண் யாரையோ விரும்பினாள் என்று வீட்டார் அவளைக் கொன்று கிணற்றில் போட்டுவிடுகிறார்கள். அவள் பேயாகி, ஒவ்வொரு வாரமும் பின்பக்கக் கதவைத் தட்டுகிறாள். "அம்மா, கதவைத் திற." தாய்க்காரி உள்ளே நடுங்கிக்கொண்டு நிற்பாள். திறக்க மாட்டாள். அத்தோடு அந்த வாரம் முடிந்துவிடும்.

லைனில் பெரியம்மா வீட்டில்தான் கலர் டிவி. வியாழக்கிழமையானால் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். பெரியம்மா வீட்டுப் பின்பக்கத்தை நாங்கள் பொடக்காலி என்போம். துணி துவைக்கிற கல்லும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கிற இடம். அதைத் தாண்டினால் ஒரு சந்து, சந்து தாண்டினால் பஸ் போகிற ரோடு. பொடக்காலிக் கதவு படுக்கப் போகும்வரை எப்போதும் திறந்தேதான் கிடக்கும். நாடகம் வந்த பிறகு பிள்ளைகள் அதைச் சாத்தினால்தான் உட்காருவோம் என்று நின்றார்கள். சாத்தினால் போதாதாம், தாழ் போட வேண்டுமாம். தாழ் போதாதென்று அரிசி டிரம்மை உருட்டிக் கொண்டுபோய் முட்டுக் கொடுத்தார்கள். "பேயி டிரம்முக்குப் பயப்படுமா சாமி?" என்று பெரியம்மா சிரித்தாள். ஆனாலும் விட்டுவிட்டாள். முன்வாசல் எப்போதும் போல விரியத் திறந்தே இருக்கும். பேய் பின்பக்கமாகத்தான் வரும் என்பதில் எல்லாருக்கும் அப்படி ஒரு நம்பிக்கை.

அந்த வீட்டில் பேய்க்குப் பயப்படாத ஒரே ஆள் பெரியம்மா. அவளுக்குப் பயம் இல்லை, கோபம்தான். அந்தத் தாய்க்காரியின் மேல் அப்படி ஒரு கோபம். "தெறந்து உடுடீ! பெத்தவதானே நீயி? பேயானா என்ன, உன்ற வயித்துல பொறந்ததுதானே!" வாரா வாரம் இதே பாட்டு. நாங்கள் பேய்க்குப் பயப்படுவதை மறந்து பெரியம்மாவைப் பார்த்துச் சிரிப்போம். பெரியப்பா நாற்காலியில் பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பேப்பர் காலையிலேயே படித்து முடித்த பேப்பர்.

ஆரம்பத்தில் பெரியம்மா அந்தப் பேயை 'அவ' என்றாள். பிறகு 'அந்தப் புள்ள' என்றாள். அப்புறம் ஒரு வியாழக்கிழமை, பேய் கிணற்று மேட்டில் தனியாக உட்கார்ந்து அழுதபோது, "அழுகாத கண்ணு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சொல்லை அந்த வீட்டில் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பேப்பர் கொஞ்சம் ஆடிய மாதிரி இருந்தது.

எனக்கு மிகப் பிடித்த வாரம் எது என்று கேட்டால் தட்டு வைத்த வாரத்தைச் சொல்வேன். அந்தத் தாய், யாருக்கும் தெரியாமல் மகளுக்கென்று ஒரு தட்டில் சோறு போட்டுப் பின்வாசல் படியில் வைத்துவிட்டு வருவாள். பேய் வந்து தட்டின் முன்னால் உட்காரும். சாப்பிடாது. சோற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பேய் நாடகத்தில் இப்படி ஒரு இடம் வரும் என்று யார் கண்டது? எழுதினவன் அந்த ஒரு வாரத்துக்காகவே நல்லாயிருக்க வேண்டும். நான் வாய் விட்டு அழுதேன், பெரியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள், பிள்ளைகள் ஏன் எல்லாரும் அழுகிறார்கள் என்று தெரியாமல் முழித்தன.

அப்போது பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "வெறுஞ்சோத்தக் கொண்டுபோயி வெச்சிருக்கறா பாரு. கொஞ்சம் கொழம்பு ஊத்திருக்கலாமல்லொ."

குழாயடியில் தலை முழுகிய மனுசன் பேசுகிற பேச்சா இது? பெரியம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்தப் பேச்சு கலைந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. மறுநாள் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டீல்ல? கொழம்பு ஊத்தோணும்னாரு. கேட்டீல்ல அம்மணி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இன்னும் கொஞ்ச நாள், தானாக வழிக்கு வந்துவிடுவார் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வியாழக்கிழமை. மழைக்காலம். மதியத்திலிருந்தே தூறல்.

அந்த வாரம் நாடகத்தில் ஒரு மந்திரவாதி வந்தான். பேயைப் பிடித்து ஆணியடிப்பதற்காக வீட்டார் அவனைப் பின்பக்கக் கதவுக்கு உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். சுத்தியல், ஆணி, எலுமிச்சம்பழம் என்று முன்னால் ஒரு கடையே பரப்பியிருந்தான். இத்தனை வாரமும் கதவைத் திறக்காத அந்தத் தாய் இந்த வாரம் திறக்கப் போகிறாள். மகள் ஆசையாய் உள்ளே வருவாள், வந்ததும் ஆணியடித்துவிடுவார்கள். தாய்க்கு இந்த ஏற்பாடு தெரியாது. பேய்க்கும் தெரியாது. எங்களுக்குத் தெரியும். பெரியம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நின்றுவிட்டாள். டிவிக்கு ஒரு முழம் தள்ளி நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

பிள்ளைகள் வீலென்று கத்தினார்கள். பெரியம்மா அத்தனை சத்தத்துக்கும் மேலாகக் கத்தினாள். "வராத கண்ணு! இந்த ஊட்டுக்கு வராத! உன்னைய முடிக்கறக்குன்னே உள்ள உக்காந்திருக்கறாங்க! போயிரு கண்ணு, ஓடிப் போயிரு!"

திரும்பவும் தட்டும் சத்தம். டிவியில் அப்போது தாயின் முகத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை என் கையைக் கிள்ளி, "டிவியிலதானுங்க்கா?" என்றது. ஆமாம் என்றேன்.

அப்புறம் குரல் வந்தது. மழையோடு சேர்ந்து, பொடக்காலிப் பக்கமிருந்து, சன்னமாக.

"செரிங்மா. வாரேன்."

பெரியம்மா கை ஆட்டியபடியே நின்றுவிட்டாள். அது யார் குரல் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பெரியப்பா பேப்பரை மடித்தார். எழுந்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு பொத்தானை ஒவ்வொன்றாக மாட்டினார். ஒறம்பரை வந்தால், அதாவது விருந்தாளி வீட்டுக்கு வந்தால் மட்டுமே அவர் வீட்டுக்குள் சட்டை போடுவார். நாற்காலியைத் திருப்பி முன்வாசலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். பெரியம்மா ஓடிப்போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வாரேன்னு சொல்லிச்சு. கேட்டீங்ளா? இந்தப் பக்கமா சுத்தி வருது" என்றாள் அவரிடம். அவர் தலையை ஆட்டினார்.

நாங்கள் எல்லாரும் முன்வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

எங்கள் ஊரில் யாரும் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. சாவு வீட்டைத் தவிர எங்கிருந்து கிளம்பினாலும் வாரேன்தான். திரும்பி வருவேன் என்று அர்த்தம். உள்ளே வருகிறவளும் வாரேன் என்பாள், விடைபெற்றுப் போகிறவளும் வாரேன் என்பாள். நாள் முழுக்க நூறு வாரேன் கேட்கிற காதுக்கு எது எந்த வாரேன் என்று தானாகவே தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. ஒன்றரை வருஷமாக மகள் வருவாளா என்று காத்துக்கொண்டிருந்த காதில் வருகிற வாரேன்தான் விழும். வேறு எது விழும்?

நாடகம் முடிந்து பாட்டுப் போட்டார்கள். யாரும் வரவில்லை. பெரியப்பா எழுந்து அரிசி டிரம்மைத் தள்ளிவிட்டுப் பொடக்காலிக் கதவைத் திறந்தார். துவைக்கிற கல்லின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது. சந்துவரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு நனைந்துகொண்டே வந்தார். லைனில் முன்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களும் யாரையும் பார்க்கவில்லை என்றார்கள்.

பிள்ளைகளில் பாதிப் பேர் குரலைக் கேட்டோம் என்றார்கள். பாதிப் பேர் இல்லை என்றார்கள். கடைசி வீட்டில் இருந்த ஒரு அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "கொரலு மட்டும் வந்து ஆளக் காணம்னா... உசுரு போறப்ப பெத்தவளைப் பாத்துச் சொல்லீட்டுப் போறதுண்டுங்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அந்தத் தண்ணீர்த் தொட்டியில் முக்கியிருப்பேன். ஆனால் சொன்ன சொல் பெரியம்மாவுக்குள் இறங்கிவிட்டது.

மறுநாள் பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "ஒரெட்டு அன்னூரு போயிப் பாத்துட்டு வந்தர்றேன்." பெரியம்மா வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள். "வேண்டாமுங்க. போனாத் தெரிஞ்சு போயிருமுங்க." எத்தனையோ சொல்லிப் பார்த்தார். அவள் நகரவில்லை. மகள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் இருக்கிறவரைக்கும் பாதியாவது இருக்கிறாள் என்பது அவள் கணக்கு. கொஞ்ச நேரம் கழித்து அவரும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தைரியம் இல்லாதது அவளுக்கு மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் டிவி போடவில்லை. பெரியம்மா படத்துக்கும் வருவதில்லை. பொடக்காலிக் கதவைச் சாத்தவே விடமாட்டாள். தூங்கும்போதும் திறந்து கிடந்தது. பூனை வந்து பாலைக் குடித்தது, திருட்டுப் பயம் என்று பெரியப்பா சொன்னார், எதுவும் அவள் காதில் ஏறவில்லை. காற்றில் கதவு ஆடினால் அடுப்படியிலிருந்து "கண்ணு?" என்று கேட்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் படித்துக்கொண்டிருக்கும் என்னால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. காதைப் பொத்திக்கொள்வேன். கேட்காமல் போனால் இன்னும் பயமாக இருக்கும். கையை எடுத்துவிடுவேன்.

நாடகத்தை நான் வேறொரு வீட்டில் பார்த்து முடித்தேன். கடைசி வாரத்தில் பேயே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இத்தனை வாரமும் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கதவைத் தட்டியது, சொத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பனாம். தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றையே பார்த்துக்கொண்டிருந்ததும் அந்தத் தடியன்தானாம்! நல்லாயிருக்க வேண்டும் என்று எழுதினவனை வாழ்த்திய வாயாலேயே சபித்தேன். ஆனாலும் பெரியம்மாவுக்கு இதில் ஒரு ஆறுதல் கிடைக்கும் என்று தோன்றி, ஓடிப்போய்ச் சொன்னேன். "பெரியம்மா, பேயே இல்லையாமா. எல்லாம் பொய்யாமா."

அவள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப அந்தப் புள்ள?"

"அது எப்பவோ செத்துப் போச்சாமா."

"பேயாக் கூட வரலியா?" என்றாள். வாயை விட்டு ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

அடுத்த வருஷம் தேர்த் திருவிழாவுக்கு என்று காலேஜ் தோழி ஒருத்தி என்னை அன்னூருக்கு அவள் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. பெரியம்மாவின் பயம் எனக்கும் தொற்றியிருந்தது. மதியம் அந்த வீட்டில் எல்லாருமாகக் கிளம்பிப் படத்துக்குப் போனோம். பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். படத்தில் மாமியார் பாலில் எதையோ கலக்குகிறாள். மருமகள் டம்ளரைக் கையில் வாங்கிவிட்டாள்.

"குடிக்காதடீ! அவ மொகத்தப் பாத்தாத் தெரியலியா உனக்கு? கீழ ஊத்துடீ கூறுகெட்டவளே!"

இருட்டில் எனக்குப் பின்னால் எங்கிருந்தோ வந்தது. பெரியம்மாவின் குரல். அதே இழுப்பு, அதே ஆத்திரம். பெரியம்மா பீளமேட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கையெல்லாம் புல்லரித்துவிட்டது. திரும்பிப் பார்க்கப் பயந்து, திரையில் என்ன ஓடுகிறது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். குரல் மட்டும் விடாமல் மருமகளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே இருந்தது. இடைவேளை விட்டு விளக்குப் போட்டதும் திரும்பினேன். இடுப்பில் ஒரு குழந்தையோடு அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. வெளியே முறுக்குக் கடைக்குப் பக்கத்தில் கூட்டிப்போய், முதலில் கேட்டது, "அப்பா வந்திருக்காரா?" என்பதுதான். இல்லை என்றேன். அதற்கப்புறம்தான் மூச்சு விட்டாள்.

"நீங்க ஒரு வியாழக்கிழமை ஊட்டுக்கு வந்தீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"வந்தேன். இவன் அப்ப வயித்துல. அம்மாகிட்டச் சொல்லலாம்னு வந்தேன். அவரு ரோட்டுல பேக்கரியில நின்னுட்டாரு. நான் பொடக்காலிப் பக்கமா வந்து பாத்தா, என்னிக்கும் தெறந்து கெடக்கற கதவு தாழ் போட்டிருக்குது. தட்டுனேன். அம்மா உள்ளயிருந்து கத்துனாங்க. வராத கண்ணு, உன்னைய முடிக்கறக்கு உள்ள உக்காந்திருக்கறாங்கன்னு." அக்கா குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அப்பா அருவாளோட உக்காந்திருக்கறாரு போல இருக்குது, அம்மா என்னையக் காப்பாத்தி உடறாங்கன்னு நெனச்சேன். செரிங்மா வாரேன்னு சொல்லீட்டு ஓடியாந்துட்டேன்."

"அக்கா, அது பேய் நாடகம். பேயைப் பாத்துச் சொன்னாங்க."

"டிவியத் திட்டறாங்களோன்னு எனக்கும் தோணாம இல்ல. எங்கம்மாவைப் பத்தி எனக்குத் தெரியாதா? ஆனா கண்ணுன்னு கூப்பிட்டாங்க. டிவியில வர்றவளை எல்லாம் டீ போட்டுத்தானே பேசுவாங்க. கண்ணுன்னா நான் மட்டுந்தானே."

நீங்கள் போன பிறகு அந்தச் சொல்லைக் கொடுக்க அவளுக்கு ஆள் இல்லை, ஒரு பேய்க்குக் கொடுத்துவிட்டாள் என்று எப்படிச் சொல்வது? அப்பா அன்றைக்குச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதை மட்டும் சொன்னேன்.

"சட்டையா?"

"ஆமாக்கா. உங்க கொரலக் கேட்டதும் எந்திரிச்சுச் சட்டையப் போட்டுட்டு முன்வாசலைப் பாத்து உக்காந்துட்டாரு. நீங்க சுத்தி வருவீங்கன்னு."

அக்கா முறுக்குக் கடைக்காரர் பார்க்க, இத்தனை பேர் நடமாட, குழந்தையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். உள்ளே மணி அடித்துப் படம் ஆரம்பித்துவிட்டது. அந்த மருமகள் பாலைக் குடித்தாளா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பெரியப்பா கேட்டுக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா நம்பவில்லை. "கொரலக் கேட்டீயா, ஆளப் பாத்தீயா?" பார்த்தேன் என்றேன். "தொட்டுப் பாத்தீயா அம்மணி?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். நான் அக்காவைத் தொடவில்லை. குழந்தையைக்கூடத் தொடவில்லை. "தொடலியா?" என்று அவள் திரும்பக் கேட்டபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது.

விடிந்ததும் மூன்று பேரும் பஸ் ஏறினோம். அக்கா சொல்லியிருந்த அடையாளம் வைத்து வீட்டைக் கண்டுபிடித்தோம். முன்னறையில் மோட்டார்களும் செம்புக் கம்பிச் சுருள்களும் கிடந்தன. பெரியப்பா ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். "நீங்க மொதல்ல போங்க" என்றார். சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். மகள் தன்னைக் கண்டு பயப்படுகிறாள் என்று நான் முந்தின நாள் சொல்லியிருந்தேன்.

அக்கா சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், ரோட்டுக்கு அந்தப் பக்கம் அப்பாவைப் பார்த்தாள், நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பெரியம்மா கிட்டே போய், மகளின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவள் இரண்டு காலையும் பிடித்தாள்.

"அய்யோ அம்மா, என்னம்மா இது, நீங்க போயி என்ற கால்ல..." அக்கா பதறிப்போய்க் குனிந்து தூக்கப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பெரியம்மா அதையெல்லாம் கவனிக்கவில்லை. குதிகாலை அழுத்திப் பார்த்தாள். விரல்களைத் தடவிப் பார்த்தாள். பாதத்துக்கும் சிமெண்ட் தரைக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பார்கள்.

உட்கார்ந்தபடியே ரோட்டுப் பக்கம் திரும்பினாள். கண்ணீரைத் துடைக்கக்கூட மகளின் காலை விடவில்லை.

"ஏனுங்க, காலு நெலத்துல இருக்குதுங்க. வாங்க."

பெரியப்பா ரோட்டைத் தாண்டினார்.